கஜா: கரை கடந்த பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரை மணிக்குள் அது கடற்கரையைத் தாண்டிவிட்டது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் என்று வானிலைத் துறை பின்னர் மதிப்பிட்டது. அதிராம்பட்டினத்தில் பதிவான வீச்சு 165 கிலோமீட்டரைத் தொட்டது. முதல் வாரத்தில் அரசு அறிவித்த உயிரிழப்பு ஐம்பதை எட்டவில்லை. இறுதிக் கணக்கு அறுபதை ஒட்டி நின்றது.

இதே கரையின் பழைய கணக்குகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் சுமார் 400 பேர் இறந்தார்கள். 1955 டிசம்பரில் அதிராம்பட்டினத்தை அடுத்த ராஜாமடம் அருகே கரையேறிய புயல் தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சுமார் 500 பேரைக் கொன்றது. 1977 நவம்பர் 12 புயலிலும் பலி ஐந்நூறைத் தாண்டியது. அடுத்த வாரமே ஆந்திரத்தின் திவிசீமாவில் கடல் ஏறி வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனதால், நாகைப் புயல் செய்தித்தாள்களின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததைத் தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, உயிர்களைக் காப்பதில் நாம் தேறியிருக்கிறோம். செயற்கைக்கோளும் ரேடாரும் ஒரு காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிய பல்நோக்குப் பேரிடர் மையங்கள் இன்னொரு காரணம். ஓராண்டுக்கு முன் ஒக்கி புயலில் நடுக்கடலில் சிக்கி மாண்ட குமரி மீனவர்களின் நினைவு மூன்றாவது காரணம். கஜா வரும்போது நாகை, திருவாரூர், தஞ்சைக் கரைகளில் எவரும் கடலுக்குப் போகவில்லை. கரையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, ஆட்கள் பிழைத்தார்கள். புயலுக்கு முன்பே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்கு அழைத்துவரப்பட்டிருந்தார்கள். 1999இல் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த ஒடிசா, 2013 பைலின் புயலில் அந்த எண்ணிக்கையை ஐம்பதுக்குள் அடக்கிக் காட்டியது. கஜாவில் தமிழ்நாடு செய்ததும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் பட்டுக்கோட்டையிலோ பேராவூரணியிலோ போய் இதை வெற்றி என்று சொல்ல முடியாது. அங்கே புயல் அந்த இரண்டு மணி நேரத்தில் தொடங்கியது, அவ்வளவுதான். அது முடிய ஏழெட்டு வருடம் ஆகும் என்று விடிந்ததும் தோப்புக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நம் பேரிடர் ஏற்பாடுகள் எல்லாம் முதல் இரவுக்காகவே அமைந்திருக்கின்றன. அதற்குப் பின் வரும் வருடங்களை யார் சுமப்பது என்பது கஜாவின்போது யாரும் யோசிக்காத கேள்வியாக இருந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

காற்று திரும்பிய இரவு

கஜாவின் பாதையே ஒரு குழப்பம். அந்தமான் கடலில் உருவாகி, வங்கக் கடலில் வளைந்து நெளிந்து வந்தது. முதல் அறிவிப்புகள் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே என்றன. பிறகு அது பாம்பனுக்கும் கடலூருக்கும் இடையே என்று தெற்கே இறங்கியது. புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் கவலை என்பது தஞ்சை மாவட்டத்து உள்நாட்டு ஊர்களின் பழக்கம். ஒரத்தநாட்டிலும் ஆலங்குடியிலும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள், தங்கள் ஊர்களின் வழியாகத்தான் அது போகப்போகிறது என்று எதிர்பார்க்கவில்லை. கரையேறிய பிறகும் கஜா தளர அவசரப்படவில்லை. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று வரிசையாக அடித்து, திண்டுக்கல் தாண்டி, கொடைக்கானல் மலையில் மண்சரிவை உண்டாக்கி, கேரளத்தைக் கடந்து அரபிக் கடலில் இறங்கியது.

தென்னைகள் ஏன் அப்படி விழுந்தன என்பதற்குப் புயலின் சுழற்சியில்தான் விடை இருக்கிறது. நம் அரைக்கோளத்தில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி வரும் புயலின் பாதையில் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். கண் தலைக்கு மேல் வரும்போது எல்லாம் அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து பார்ப்பவர்கள் உண்டு. பிறகு அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர்ப் பிடியை இழந்த மரத்தை இரண்டாவது காற்று எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடுங்குகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்க் கட்டுதான் மரத்தைத் தாங்குகிறது, அதில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். உச்சியில் மட்டைகளும் குலைகளும் பாய்மரம் விரித்தது போலக் காற்றை வாங்கும். ஐப்பசி மழையில் ஊறிய மண் வேறு. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறிந்தன. இன்னும் சில நின்றபடியே கொண்டை திருகிப்போய், ஓரிரு மாதங்களில் குருத்து அழுகிச் செத்தன.

அதே இடத்தில் பனைமரங்கள் நின்றன. இதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டே பனைவிதை ஊன்றும் இயக்கங்கள் ஊர் ஊராகக் கிளம்பின. நல்ல காரியம்தான். ஆனால் தென்னைக்குப் பதில் பனை என்று மேடையில் பேசியவர்கள், பனையை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும் என்று சொல்லவில்லை. கரையோரக் காற்றுத் தடுப்புக்குப் பனை வேண்டும். பட்டுக்கோட்டைக் குடியானவனின் வீட்டுச் செலவை அது ஏற்காது.

இருட்டும் தண்ணீரும்

முதல் மாதத்துச் செய்திகளைத் திரும்பப் படித்தால் உணவைவிட மின்சாரமும் தண்ணீரும்தான் அதிகம் பேசப்பட்டிருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. மின்பாதைகள் தோப்புகளுக்கு நடுவே போகும் வட்டாரம் இது. விழுந்த ஒவ்வொரு மரமும் கம்பியையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. சம்பா நடவான வயல்களில் லாரியோ கிரேனோ இறங்காது. பல மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த மின்வாரியப் பணியாளர்கள், முழங்கால் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து போனார்கள். ஊர்க்காரர்களும் தோள் கொடுத்தார்கள். அப்படியும் உள்ளடங்கிய ஊர்களுக்கு வெளிச்சம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மின்சாரம் இல்லை என்றால் இந்த வட்டாரத்தில் தண்ணீர் இல்லை. ஆற்றுப் பாசனம் கைவிட்ட பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து வாழ்க்கை முழுக்க ஆழ்துளைக் கிணற்றில் நிற்கிறது. குளங்கள் தூர்ந்து கிடந்தன, திறந்த கிணறுகளை மூடியாகிவிட்டது. டீசல் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, வீடு வீடாகப் போய் மோட்டார் ஓட்டி, மேல்தொட்டி நிரப்பக் காசு வாங்கும் தொழில் ஒரே வாரத்தில் முளைத்தது. செல்போனுக்குச் சார்ஜ் போட்டுத் தருவதும் தொழிலானது. பணம் உள்ளவர் தொட்டி நிரம்பியது. காலனித் தெருவில் குடத்தோடு மெயின் ரோட்டுக்கு வந்து நின்றார்கள்.

மெயின் ரோடு என்பதும் முக்கியம். சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊரிலிருந்தும் நிவாரண லாரிகள் வந்தன. தமிழர்கள் மனம் திறந்து கொடுத்தார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் லாரி எங்கே நிற்க முடியுமோ அங்கே பொருள் இறங்கியது. உள்ளூர்ச் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரே கூட்டுச்சாலைக்காரர்களுக்கு நாலு தடவை பாய் போர்வை கிடைத்தது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. சாலை மறியல்கள் அதனால்தான் நடந்தன. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அதிகாரிகளின் வாகனங்கள் எரிக்கப்பட்டதும், இரவோடு இரவாகக் கைதுகள் நடந்ததும் புயலுக்கு அடுத்த நாள் நிகழ்ந்தவை. எரித்தது தவறு. ஆனால் முகாமும் மையமும் கடற்கரையில் இருக்க, புயலின் அடி உள்நாட்டில் விழுந்தது என்பதையும் அந்த ஊர் சொன்னது. சுனாமிக்குப் பின் மீனவர் குப்பங்களுக்குக் கான்கிரீட் வீடுகள் வந்திருந்தன. ஐம்பது கிலோமீட்டர் உள்ளே விவசாயக் கூலிகள் கீற்றுக் கூரையிலும் மண்சுவரிலும்தான் இருந்தார்கள். கஜா பிடுங்கியது பெரும்பாலும் இவர்களுடைய கூரையை.

வேதாரண்யத்துக்காரர்களுக்கு இன்னொரு வகைத் துன்பம். கடல் தன் அடியில் கிடந்த சேற்றையே கரைக்கு வாரி எறிந்திருந்தது. உப்பளப் பாத்திகள் மூடிப்போயின. அடுத்த உப்புப் பருவத்துக்குள் பாத்திகளைத் திரும்ப வெட்டிச் சீராக்கும் செலவு சிறு உற்பத்தியாளர் தலையில் விழுந்தது. கோடியக்கரைக் காட்டில் மான்கள் செத்து ஒதுங்கின. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இலை கருகி நின்றது.

தென்னைக்கு வந்த கதை

இந்தப் பகுதி எப்போதும் தென்னை நாடாக இருக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். பழைய டெல்டாவுக்கு வெளியே இருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களுக்குக் காவிரியைக் கொண்டு சேர்த்தது அது. நெல்லும் கடலையும் விளைந்தன. காவிரி நீரைப் பகிர்ந்த 1924 ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு 1974இல் முடிந்து, காவிரி வழக்காக மாறியது. அதன்பின் முதலில் காய்ந்தது கடைமடைதான். மேட்டூர் நிரம்பினாலும் கால்வாயின் கடைசி மதகுக்குத் தண்ணீர் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. 2018லேயே அதைப் பார்த்தோம். ஜூலையில் மேட்டூர் நிரம்பியது, கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்தன. கடைமடைக்காரர்களோ முறை வைத்து வரும் தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நிலைமைக்கு விவசாயிகள் கண்டுபிடித்த பதில்தான் தென்னை. ஒரு போர் போட்டால் போதும், ஆற்றை நம்ப வேண்டாம். நடவுக்கும் களைக்கும் ஆள் தேட வேண்டாம். பையன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அப்பாவும் அம்மாவும் மட்டும் தோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு வெட்டு ரொக்கம். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று இந்த ஊர்களில் சொல்வது வெறும் பாசப் பேச்சு அல்ல. முதியோர் ஓய்வூதியம், மகள் கல்யாணச் சேமிப்பு, வங்கி ஈடு எல்லாம் அந்தத் தோப்புதான். கயிறு ஆலை, கொப்பரைக் களம், கீற்று முடைதல் என்று நிலமில்லாதவர்கள் கூலியும் அதிலிருந்தே வந்தது. பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

ஒரே பயிரில் எல்லாவற்றையும் போட்டதுதான் தவறு என்று பின்னால் பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வறட்சிக்கு எதிராக இவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாற்பது ஆண்டு அது சரியாகவே வேலை செய்தது. காற்று என்ற இன்னொரு ஆபத்து அதன் கணக்கில் இல்லை. 1955இல் அந்த மண்ணில் அப்படி ஒரு காற்று அடித்ததை நினைவில் வைத்திருந்தவர்கள் அநேகமாக இறந்துபோயிருந்தார்கள்.

சுமார் 30 ஆயிரம் ஹெக்டேர் தென்னை அழிந்தது. மரக் கணக்கில் அரைக்கோடிக்கு மேல். அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். மறுநடவுக்குத் தனித் தொகையும் உண்டு. இதைக் குறைவு என்று ஏளனம் செய்வது நியாயம் அல்ல. மத்திய அரசின் பேரிடர் நிதி நெறிப்படி அன்று நீண்டகாலப் பயிருக்குக் கிடைக்கக்கூடியது ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரை. மாநில அரசு சுமார் 15,000 கோடி கேட்டது, டில்லி பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் தந்தது சுமார் 1,146 கோடி. அந்த நெருக்கடியில் 1,100 ரூபாய் என்பது பெரிய தொகைதான்.

ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு ஹெக்டேரின் ஆண்டு வரவு 1,75,000 ரூபாய். ஆக, அரசு தந்தது ஏறத்தாழ ஓராண்டு வரவு. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம், முழு மகசூலுக்குப் பத்து வருடம். குட்டை நெட்டை ஒட்டு ரகம் நாலு வருடத்தில் காய்க்கும், அதற்குத் தண்ணீரும் கவனிப்பும் கூடுதலாக வேண்டும். நடுவில் உள்ள ஐந்து வருடத்துக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. நிவாரணம் என்றால் போன பொருளுக்கு விலை என்றே நம் நெறிமுறைகள் புரிந்துவைத்திருக்கின்றன. வராமல் போகும் வருமானம் அவற்றின் கண்ணில் படுவதில்லை.

பிழைத்த மரங்களின் கதையும் சுலபமில்லை. தென்னம்பாளை வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடும். வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் ஓராண்டு. கொண்டை திருகிய மரம் தப்பித்து நின்றாலும் அந்தப் பாளைகள் பாழ். 2019லும் 2020லும் நின்ற மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் வெறும் மட்டையைத்தான் பார்த்தார்கள்.

விழுந்த மரங்களை அகற்றுவதும் வெறும் சுத்தப்படுத்தும் வேலை அல்ல. மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். காயம்பட்ட மரத்தின் சாறு வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இரண்டும் அடுத்து நடும் கன்றைத் தின்னும். ஆகவே வேகமாக அகற்ற வேண்டும். மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பொக்லைனும் மர அறுவை இயந்திரமும் வேண்டியிருந்ததால் வாடகை ஏறியது. 500 ரூபாயில் ஒரு மரத்தை வேரோடு பெயர்த்து அப்புறப்படுத்த முடிந்தவர்கள் குறைவு. தண்டை இலவசமாக எடுத்துக்கொண்டு போகச் சொன்னால்கூட ஆள் வரவில்லை. இடத்தைச் சுத்தம் செய்தவரின் புதுக் கன்றைப் பக்கத்துத் தோப்பில் கிடந்த மரத்து வண்டு வந்து தின்றது.

பட்டியலில் இல்லாதவர்கள்

நிவாரணம் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பட்டா தன் பெயரில் இருந்தவருக்குப் பணம் வந்தது. கோவில் நிலத்திலும் பிறர் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்கு இருந்தவர் தோப்பை வளர்த்தவர், ஆனால் பணம் உரிமையாளர் கணக்குக்குப் போனது. சிலர் பகிர்ந்து கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை.

அதற்கும் கீழே இருந்தவர்களுக்குப் பகிர்வதற்குக் கூட எதுவும் வரவில்லை. மரமேறித் தேங்காய் வெட்டுபவர், மட்டை உரிப்பவர், கயிறு ஆலையில் கூலி வாங்கிய பெண்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து கீற்று முடைபவர்கள் ஆகியோர் மரத்தை இழக்கவில்லை, காரணம் மரம் அவர்களுடையது இல்லை. ஏழு வருட வேலையை இழந்தார்கள். விழுந்த மரத்து ஓலையில் சில மாதம் முடைந்தார்கள், அதன்பின் ஓலையே இல்லை. கூரை மேய வேண்டிய குடிசைக்காரருக்குக் கீற்று விலை ஏறியது, கீற்று முடைகிறவருக்கு முடைய ஓலை இல்லை. ஆண்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். இந்தத் தொழிலாளர்களின் ஏழு ஆண்டுக் கூலி இழப்பை எந்த மத்தியக் குழுவின் அறிக்கைக்கும் கொண்டுசேர்க்கும் பதிவேடு இல்லை. தோப்பை இழந்த விவசாயிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்தன. புயல் பலி எண்ணிக்கையில் அவை சேராது.

மொய் நோட்டு

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு நிதி ஏற்பாடு உண்டு. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடிப் பக்கம் போனால் சாலையெங்கும் மொய் விருந்துப் பதாகைகள் தெரியும். கல்யாணமோ காதுகுத்தோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் கூட்டுச் சேர்ந்து பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவருக்கு முறை வரும். தான் மற்றவர்களுக்குச் செய்ததைக் கொஞ்சம் கூட்டி மொத்தமாகத் திரும்பப் பெறுவார். ஒரே நாளில் லட்சங்கள், சிலருக்குக் கோடியும், சேரும். அதில் போர் போடுவார், வீடு கட்டுவார், பையனை வெளிநாடு அனுப்புவார். வட்டியில்லை, ஈடு இல்லை. நோட்டும் மானமும்தான் பத்திரம். திரும்பச் செய்யாதவனை ஊர் மதிக்காது.

இது ஒரு காப்பீடும்தான். ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் மற்றவர்கள் அவர் முறையை முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். வங்கி கைவிரித்த இடத்தில் இந்த ஊர்கள் தங்கள் சொந்தக் கையால் கட்டிய ஏற்பாடு என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் அதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: ஒருவர் விழும்போது மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். கஜாவில் நோட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே இரவில் விழுந்தார்கள். 2019 ஆடியில் விருந்து வைத்தவர்களுக்கு வசூல் பெரிதும் குறைந்தது. அந்த ஆண்டு முறை வந்தவர் தோப்பையும் இழந்து, நாலைந்து வருடமாகச் செய்துவைத்த மொய்யையும் முழுதாகப் பெறவில்லை. திரும்பச் செய்ய முடியாதவர்கள் விருந்துக்கு வராமல் ஒதுங்கினார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்து விருந்தையே நிறுத்திவிட்டது.

கடைக்காரரின் பாக்கி நோட்டுக்கும் இதே கதி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் வாடிக்கையாளர்களின் பழைய பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்வதாகக் கடையில் எழுதி வைத்தது செய்தியானது. எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். கொண்டாடத் தக்கவர்தான். வங்கிகள் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதையும் அந்தச் செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு வட்டாரமே ஒரே இரவில் விழுவதற்கு, பக்கத்துத் தமிழ்க் கரையான இலங்கையின் கிழக்கில் ஒரு முன்கதை இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்தில் இருந்த சுமார் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு போனது. நெல் களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது இடிந்தன. 1979இல் அங்கே நட்ட தென்னை 1985, 86 வாக்கில்தான் காய்த்திருக்கும். அதற்குள் 1983 வந்து, யுத்தம் தொடங்கிவிட்டது. ஒரு புயலிலிருந்து மீள ஏழு வருடம் வேண்டும் என்றால், அந்த ஏழு வருடத்தில் வேறு எதுவும் வரக் கூடாது. மட்டக்களப்புக்கு யுத்தம் வந்தது, பட்டுக்கோட்டைக்குக் கொரோனா ஊரடங்கும் தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈயும் வந்தன. எந்த வட்டாரத்துக்கும் ஏழு அமைதியான வருடங்கள் சும்மா கிடைப்பதில்லை. மறுவாழ்வுத் திட்டங்கள் எழுதுகிறவர்கள் மட்டும் அது கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

ஊர் தானாகச் செய்ததில் ஒன்று நிலைத்தது. மின்சாரம் போனால் தண்ணீர் இல்லை என்று அந்த மாதம் கற்றுக்கொடுத்ததை இளைஞர்கள் மறக்கவில்லை. 2019 கோடையில் பேராவூரணிப் பெரிய குளத்தை அரசுக்குக் காத்திராமல் நன்கொடை திரட்டித் தூர்வாரினார்கள். கொத்தமங்கலம் உட்படச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே வேலை நடந்தது. தன் கையில் இருந்த காசை இழந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் குளத்துக்குக் காசு கொடுத்தார்கள் என்பது கஜாவைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல செய்திகளில் முதன்மையானது.

மூன்றரை ரூபாய்

ஊர் முழுவதும் ஒன்றாக விழும்போது, தூரத்தில் விழாமல் நிற்கும் ஒருவர்தான் தாங்க முடியும். பொள்ளாச்சிக்காரரும் திருச்சூர்க்காரரும் கட்டும் பணம் பட்டுக்கோட்டைக்கு வர வேண்டும், வேறொரு வருடம் இங்கிருந்து அங்கே போக வேண்டும். மொய் நோட்டை மாவட்ட எல்லைக்கு வெளியே விரிப்பதுதான் காப்பீடு. அது இல்லாமலும் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2009 முதல் தென்னைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. கஜா வந்தபோது 16 வயது முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய். அதில் பாதி வாரியம், கால்பங்கு மாநில அரசு. விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். மரம் அழிந்தால் 1,750 ரூபாய். இளைய மரத்துக்குக் கட்டணம் 9 ரூபாய், இழப்பீடு 900.

ஒரு ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டால் விவசாயி ஆண்டுக்கு 612 ரூபாய் ஐம்பது காசு கட்டியிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும், அரசு நிவாரணத்துக்கு மேலதிகமாக. டெல்டாவில் அதில் சேர்ந்திருந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே புயலுக்குப் பிறகு செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அன்று நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கூட்டுறவுச் சங்கக் கடனோடு ஒட்டி வந்தது, தென்னைக்கு அப்படி வரவில்லை. கிராமத்துக்கு வந்து எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எண்பதாயிரம் பேரை ஒரே நாளில் முகாமுக்குக் கொண்டுவரத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பத்து வருடத்தில் மூன்றரை ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தோப்பு வரை கொண்டுசேர்க்கத் தெரியவில்லை. என் பார்வையில் கஜாவின் பெரிய தோல்வி அந்த நவம்பருக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

திட்டத்திலும் ஓட்டை இருந்தது. நெட்டை மரத்தை ஏழு வயதுக்குப் பிறகுதான் அது ஏற்றது, ஒட்டு ரகத்தை நாலு வயதுக்குப் பிறகு. கன்று காற்றுக்குச் சாகாவிட்டாலும் வண்டுக்கும் வறட்சிக்கும் சாகிறது, அந்த வருடங்களில்தான் விவசாயியிடம் மாற்று வருமானமும் இல்லை. மறுநடவுத் தொகையை அரசு கொடுக்கும்போதே அந்தக் கன்றுகளுக்குத் தனிக் காப்பீடும், காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகையும், தோப்பை நம்பிய கூலிக்காரர் பட்டியலும் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன் இந்த மூன்றையும் எழுதி வைப்பது வருவாய்த் துறைக்கும் வேளாண் துறைக்கும் முடியாத காரியம் அல்ல.

அதுவரை, தோப்பு வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் வட்டார வேளாண் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், தென்னைக்கு இப்போது என்ன காப்பீடு இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். குத்தகைக்காரர் என்றால் சாகுபடி அடங்கலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கஜாவுக்குப் பிறகு 2019 ஆடியில் நட்ட நெட்டைக் கன்றுகள் 2026இல்தான் ஏழு வயதை எட்டுகின்றன.